பூசுவதா, விழுங்குவதா, ஊசியா, சும்மா இருப்பதா?

போன வருஷம் காவடி முடிந்து மூன்று நாலு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொரீஷியசின் காத்ர் போர்ன் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மருந்துச் சீட்டுகள் வந்து விழுந்தன.

ஒன்று என் நாத்தனாருடையது. வயது 52. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பெண்கள் டாக்டர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. சீட்டு கைப்பையிலேயே மடிந்து கிடந்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. மற்றது அவள் வீட்டுக்காரருடையது. எனக்கு அண்ணன் முறை, வயது 63. முப்பது வருஷமாகக் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குக் காவடி எடுக்கிறவர். அந்த வருஷம் பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார், மகன் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. அது அவரை உள்ளுக்குள் என்னவோ செய்துவிட்டது. ஃபேஸ்புக்கில் பார்த்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நாலு மணிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் லிட்டருக்கு 9.4 நானோமோல். "குறைச்சல்தான், மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் பழைய ஆள் ஆகிவிடலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணி, இவருக்கு ஊசி போடலாமா, சொல்லுங்க" என்றாள் நாத்தனார். தன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசை விசிறி அவள் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ரசம் ஆறுகிறதே என்று என் வீட்டுக்காரர் முனகினார்.

நான் டாக்டர் இல்லை. மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி மொரீஷியசுக்கு வந்து, ரோஸ்ஹில்லில் ஒரு ஃபார்மசியில் 24 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். இந்த ஜோடியை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மருந்தால் நிஜமாகவே பலன் கிடைக்கக்கூடிய பெண் பயந்து ஒதுங்குவாள். தேவையா என்றே தெரியாத ஆண் அவசரப்படுவார். அதனால்தான் இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "வயசானால் ரெண்டு பேருக்கும் ஹார்மோன் குறையுது, அவ்வளவுதானே" என்பார்கள். குறைகிற விதம் வேறு. பெண்ணுக்குச் சினைப்பை சில வருஷத்துக்குள் கடையைச் சாத்திவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் ல மோர்ன் பாறை விளிம்பிலிருந்து விழுகிற மாதிரி விழும். ஆணுக்கு நாற்பதைத் தாண்டினால் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் இறங்கும். கியூர்பீப்பிலிருந்து போர்ட் லூயிக்குப் பஸ்ஸில் வருகிற மாதிரி, இறங்குகிறோம் என்பதே தெரியாது. ஆகவே பெண்ணின் கணக்கில் காலம் முக்கியம்: எப்போது நின்றது, எப்போது தொடங்குகிறோம். ஆணின் கணக்கில் காரணம் முக்கியம்: எதனால் குறைந்தது.

நாத்தனாரின் சீட்டு

அவள் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002 ஜூலை. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். கருப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போலச் செய்த புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 'மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்' என்று உலகம் முழுக்கச் செய்தி. அந்த வாரம் எங்கள் கவுண்டரில் பாதி மாத்திரை மீந்த அட்டைகளைத் திருப்பித் தர வந்தவர்களை இன்னும் நினைவிருக்கிறது.

அந்த 26 சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருஷம் வெற்று மாத்திரை சாப்பிட்டால் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூட. பக்கவாதமும் எட்டுப் பேருக்குக் கூட, நுரையீரலில் ரத்தக்கட்டியும் எட்டுப் பேருக்குக் கூட, மாரடைப்பு ஏழு பேருக்குக் கூட. மறுபக்கம் இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்குக் குறைவு, பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்குக் குறைவு. சின்ன எண்கள்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. அந்த எட்டில் ஒருத்தியாக இருப்பவளுக்கு அது நூறு சதவீதம் என்பதையும் மறக்கக் கூடாது.

செய்தித்தாள்கள் பெரிதாகச் சொல்லாதது இரண்டு. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அதாவது பெரும்பாலோர் மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் கழித்து மருந்தைத் தொடங்கியவர்கள். கருப்பை எடுத்துவிட்ட 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகக் கொடுத்த இன்னொரு பகுதியும் இருந்தது. அதில் பக்கவாதம் கூடியது உண்மை, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பிந்தைய கணக்கில் குறைந்தே இருந்தது. அப்படியானால் மார்பு விஷயத்தில் சந்தேகம் ஈஸ்ட்ரோஜனைவிட, கூடச் சேர்த்த அந்தப் புரோஜெஸ்டின் பக்கம்தான் சாய்கிறது. அது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைச் சரக்கு. ஈஸ்ட்ரோஜனோ சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்தது. இதைச் சொன்னால் நாத்தனார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

இன்று மருத்துவச் சங்கங்கள் சொல்கிற வரம்பு: அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், தொந்தரவு உள்ள ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் லாபமே அதிகம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது என்பதை மட்டும் விடவில்லை. அதற்கு நியாயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இனி வழிகளை எடுத்துக்கொள்வோம்.

சும்மா இருப்பது ஒரு வழி. நான் கேலியாகச் சொல்லவில்லை. உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் பொறுக்கிற அளவில் இருந்தால் மருந்தே வேண்டாம். ஆனால் "ஒரு வருஷத்தில் தானாகப் போய்விடும்" என்று நம்பிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு எண்: அமெரிக்காவில் பல வருஷம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அடிக்கடி கொதிப்பு வருபவர்களுக்கு அது நீடித்த இடைநிலைக் காலம் 7.4 வருஷம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடவும் அதிகம். நாத்தனாருக்கு இரவில் நாலைந்து முறை எழுப்பும். மூன்று மணிக்கு வராந்தாவில் போய் நிற்பாளாம். எதிரே மலை கறுப்பாக நிற்கும், பக்கத்து வீட்டு நாய் இவளைப் பார்த்துக் குரைக்கக்கூட மறந்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இதைப் பொறுத்துக்கொள்வதில் என்ன புண்ணியம் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து மாத்திரையா, ஜெல்லா. என் பார்வையில் இதுதான் உண்மையான தேர்வு. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கூட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறது. தோல் வழியாகப் போனால் கல்லீரலை முதலில் தட்டுவதில்லை. பிரான்சில் நடந்த ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் ரத்தக்கட்டி ஆபத்து கூடியது, ஜெல்லோ ஒட்டுப்பட்டையோ பயன்படுத்தியவர்களிடம் கூடவில்லை. அவை குலுக்கிப் போட்டுப் பிரித்துக் கொடுத்த சோதனைகள் அல்ல, இருக்கிறவர்களைக் கவனித்து எழுதியவை. ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. பருமன், ரத்த அழுத்தம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, ஒற்றைத் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் ஜெல்லோ பட்டையோதான் என்று நானே சொல்லுவேன். நம் தீவில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் இவை ஒன்றும் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பட்டைக்கும் ஜெல்லுக்கும் என்ன வித்தியாசம் என்றால், பெரும்பாலும் வியர்வைதான். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் பட்டை ஓரம் தூக்கிக்கொண்டு துணியில் ஒட்டும். கடற்கரை, நீச்சல் என்று இருப்பவர்களுக்கு அது ரோதனை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை ஒட்டினால் போதும் என்பது அதன் சௌகரியம். ஜெல் தினமும் பூச வேண்டும். குழாயின் தலையை ஓர் அமுக்கு அமுக்கி, முழங்கைக்கு மேலிருந்து தோள்வரை மெல்லப் பரப்ப வேண்டும். பலரும் அமிர்தாஞ்சன் மாதிரி அரக்கித் தேய்க்கிறார்கள். அப்படி வேண்டாம், சந்தனம் பூசுகிற கையாகப் பூசினால் போதும். காய்ந்த பிறகு சட்டை. அதே இடத்தில் உடனே பாடி லோஷன் போடக் கூடாது.

கருப்பை இருக்கிறவர்கள் கூடவே புரோஜெஸ்டிரோன் எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், புற்றுநோயில் முடியலாம். 1975லேயே நிரூபித்துவிட்டார்கள். எங்கள் கவுண்டரில் ஒருவர் ஜெல்லை மட்டும் வாங்குவார். "அந்தக் கேப்சூல் வேணாம், தூக்கம் தூக்கமா வருது" என்பார். தூக்கம் வருவது அதன் குணம், அதனால்தான் படுக்கும்போது போடச் சொல்கிறார்கள். தூக்கம் போனதற்காக வந்தவர் தூக்கம் வருகிறது என்று மருந்தை விடுவதை என்னவென்று சொல்ல! டாக்டரிடம் பேசிவிட்டு வந்தால்தான் ஜெல் தருவேன் என்று அனுப்பினேன். ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை.

புரோஜெஸ்டிரோனிலும் வகை உண்டு. பிரான்சில் ஆசிரியைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், உடம்பிலுள்ளதைப் போன்ற நுண்துகள் புரோஜெஸ்டிரோனோடு ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. செயற்கைப் புரோஜெஸ்டின் எடுத்தவர்களிடம் கூடியது. பத்து வருஷத்துக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதற்காக வருஷா வருஷம் டாக்டரைப் பார்த்து 'இன்னும் வேண்டுமா' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேப்சூல் ஒத்துவராதவர்கள் கருப்பைக்குள் மிரேனா என்ற, புரோஜெஸ்டின் கசியும் சாதனத்தை வைத்துக்கொண்டு மேலே ஜெல் பூசலாம். டிபோலோன் என்று ஒரு மாத்திரையும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களிடம் பக்கவாதத்தைக் கூட்டியது என்று 2008இல் தெரிந்துவிட்டது, ஆகவே வயதானவர்களுக்கு அது வேண்டாம்.

யாருக்கு இதெல்லாம் கூடவே கூடாது? மார்பகப் புற்றுநோய் வந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், ரத்தக்கட்டி உள்ளவர், கல்லீரல் கெட்டவர், காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு உள்ளவர். இவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வழிகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் குறைந்த அளவில் கொதிப்பைத் தணிக்கும். பரோக்ஸெட்டினும் தணிக்கும், ஆனால் டமோக்ஸிஃபென் சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது, புற்றுநோய் மருந்தின் வேலையையே கெடுத்துவிடும். ஃபெசோலினெட்டன்ட் என்று 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது மாத்திரை மூளையின் வெப்பநிலை மையத்தில் வேலை செய்கிறது. கல்லீரலை ரத்தப் பரிசோதனையில் கண்காணிக்க வேண்டும். சோயா, கறுப்புக் கோஹோஷ் என்ற மூலிகை வகையறா வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் செய்ததாக எனக்கு நம்பிக்கை இல்லை. விற்றிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவே யாரும் சத்தமாகக் கேட்காத ஒன்று. எழுபது வயது தாந்தின் (இங்கே அத்தை, பெரியம்மா முறைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூத்திர எரிச்சல் என்று ஆன்டிபயாடிக் சீட்டோடு வருவார். கூட்டம் குறையும் வரை இருமல் மருந்து அடுக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவருக்கு வேண்டியது பிறப்புறுப்பில் வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ. வறட்சி, எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் தொற்று மூன்றுக்கும் அதுதான் நல்ல மருந்து. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும், கூடப் புரோஜெஸ்டிரோன் தேவையில்லை, அறுபது வயது வரம்பும் அதற்கு இல்லை. மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுவதானால் நான் இதைச் சொல்லுவேன்.

அண்ணனின் சீட்டு

இளமையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் ஆசைக்கு நம் தீவுக்காரர்தான் பிள்ளையார் சுழி போட்டார் என்று சொன்னால் நம்புவீர்களா? ஷார்ல் எத்வார் பிரவுன்-செக்கார். 1817இல் போர்ட் லூயியில் பிறந்தவர். போ பாசேனில் உள்ள மனநல மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். நரம்பு மருத்துவத்தில் மகா மேதை. 1889 ஜூனில், 72வது வயதில், பாரிசில் சக விஞ்ஞானிகள் முன் எழுந்து நின்று, நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளைக் கசக்கி எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். படிக்கட்டில் ஓடி ஏற முடிகிறது, மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிகிறது, மூத்திரம் முன்னைவிட எட்டிப் போய் விழுகிறது என்று அளந்து வேறு சொன்னார். ஊரெல்லாம் அந்தச் சாற்றுக்கு அலைந்தது. 2002இல் ஆஸ்திரேலியாவில் அவர் சொன்ன முறைப்படியே சாறு தயாரித்துச் சோதித்தார்கள். உடம்பில் எதையும் செய்யும் அளவுக்கு அதில் டெஸ்டோஸ்டிரோன் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரையாத சரக்கு. அவர் ஓடி ஏறியது நம்பிக்கையின் பலத்தில்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அது அந்தக் காலம். இது ரத்த டெஸ்ட்ல வந்திருக்கு" என்றார்.

சரி, ரத்த டெஸ்டையே பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலம் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், இரண்டு வேறு நாட்களில் எடுத்தால்தான் அது கணக்கு. நாலு மணிக்குச் சோறு தின்றுவிட்டு எடுத்த 9.4ஐ வைத்து ஒரு மனிதனுக்கு ஆயுள் மருந்து எழுதுவது எனக்குக் கோபத்தை வரவைத்தது. ஐரோப்பியக் கணக்கில் 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் பிரச்சினை இல்லை, 8க்குக் கீழ் என்றால் குறைவு, நடுவில் இருப்பது சந்தேகப் பகுதி. சந்தேகப் பகுதியில் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள்: ஆசை குறைவது, காலை விறைப்பு இல்லாமை, உறவில் விறைப்பு நிற்காமை மூன்றும் சேர்ந்து, ரத்த அளவும் குறைந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். விளம்பரத்தைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டிய அத்தனை பேரும் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள்.

பிறகு அவரையே பார்த்தேன். எடை 94 கிலோ. இடுப்பு 108 சென்டிமீட்டர். எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, இவர் அந்த ஒருவர். வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கிற புரதம் ரத்தத்தில் குறையும், மொத்த எண்ணும் கூடவே குறைந்து காட்டும். விரை கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னொன்று குறட்டை. நாத்தனார் வராந்தாவுக்குப் போகிற அந்த மூன்று மணிக்கு இவர் மூச்சு சில நொடி நின்று, பிறகு உறுமிக்கொண்டு திரும்ப வருமாம். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் பகலில் சோர்வு, ஆசைக் குறைவு எல்லாம் வரும். அந்த நிலையில் ஊசி போட்டால் மூச்சடைப்பு மோசமாகவும் கூடும். விறைப்புக் குறைவோ, சர்க்கரைக்காரருக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. இதயத்தில் வரப்போகிற அடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். மலைப் படியில் பாதியில் மூச்சு வாங்கிய 63 வயது சர்க்கரைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதய டாக்டரை.

அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: எடையைக் குறைப்பது, ஜெல், ஊசி.

எடையில் பத்து சதவீதம் இறங்கினால் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக இரண்டு மூன்று நானோமோல் தானாக ஏறும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சந்தேகப் பகுதியில் இருப்பவரை வெளியே கொண்டுவர அது போதும். சர்க்கரையும் அழுத்தமும் குறட்டையும் கூடவே இறங்கும். கஷ்டம் என்னவென்றால் இதற்கு விலைப்பட்டியல் போட முடியாது, ஆகவே விளம்பரமும் கிடையாது. (முருங்கைக்காய் சாப்பிட்டால் ஏறுமா என்று ஒவ்வொரு புரட்டாசிக்கும் யாராவது கேட்பார்கள். ப்ரேத் முரூம், அதாவது முருங்கைக்கீரை, நல்ல கீரை. சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.)

மருந்து கொடுத்தால் என்ன கிடைக்கும்? 65 வயதுக்கு மேல், அளவு நிஜமாகவே குறைந்த 788 அமெரிக்க ஆண்களுக்கு ஒரு வருஷம் ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசையும் உறவும் ஓரளவு முன்னேறின. ரத்தசோகை குறைந்தது, எலும்பு அடர்த்தி கூடியது. நினைவாற்றலில் ஒன்றும் இல்லை. சோர்விலும் சொல்லும்படி மாற்றமில்லை. அண்ணன் கேட்பது சோர்வுக்கு! 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்த 1,007 ஆண்களை உணவுக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்து, பாதிப் பேருக்கு இரண்டு வருஷம் ஊசியும் போட்டார்கள். கடைசியில் சர்க்கரை நோய் வந்தவர்கள் ஊசிப் பக்கம் 12 சதவீதம், வெற்று ஊசிப் பக்கம் 21. நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊசிப் பக்கம் 22 சதவீதத்தினருக்கு ரத்தம் வரம்பு மீறித் தடித்தது.

இதயத்துக்கு என்ன ஆகும் என்ற பெரிய பயத்துக்கு 2023இல் பதில் வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட, இதய ஆபத்து உள்ள ஆண்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து ஜெல் பக்கம் 7.0 சதவீதம், வெற்று ஜெல் பக்கம் 7.3. கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்பு 2.4லிருந்து 3.5க்குக் கூடியது, நுரையீரல் ரத்தக்கட்டியும் கூடியது. அதே ஆய்வின் அடுத்த கணக்கில் எலும்பு முறிவும் கூடியிருந்தது. எலும்பு அடர்த்தியைக் கூட்டுகிற மருந்தில் முறிவு எப்படிக் கூடியது என்று யாருக்கும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

மருந்து வேண்டும் என்று முடிவானால் ஜெல்லா ஊசியா? மூன்று மாத ஊசி என்பது நாலு மில்லி விளக்கெண்ணெயில் கரைத்த டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட். ஆம், நம் விளக்கெண்ணெயேதான். கெட்டியாக இருப்பதால் பிட்டத்தில் ஆழமாக, இரண்டு நிமிஷம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். எண்ணெய் ரத்தத்தில் கலந்தால் இருமலும் மூச்சுத்திணறலும் வரும் என்பதால் அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். மாதக்கணக்கில் மறந்துவிடலாம் என்பது அதன் லாபம். போட்ட பிறகு ரத்தம் தடித்தாலோ புராஸ்டேட்டில் ஏதாவது தெரிந்தாலோ திரும்ப எடுக்க முடியாது என்பது நஷ்டம். முதல்முறை தொடங்குகிற வயதானவருக்கு ஜெல்தான் என் ஓட்டு. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். ஆனால் பேரப்பிள்ளை மடியில் வந்து விழுகிற வீடு என்றால் எச்சரிக்கை வேண்டும். பூசிய தோளில் குழந்தையின் தோல் உரசினால் மருந்து அதற்கு ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்குப் பருவ அடையாளம் தெரிய ஆரம்பித்த சம்பவங்களால் 2009இல் அமெரிக்காவில் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டார்கள். கை கழுவி, சட்டை போட்டு மூடிக்கொள்ள வேண்டும்.

எந்த வடிவமானாலும் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை: பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் பரிசோதனை, ஹீமட்டோக்ரிட் என்ற, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, விரையை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள். தொடங்கிய பின் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை. ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். கிளினிக்கில் இவருக்குச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து வர ஆரம்பித்ததும் உடம்பு சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். பிறகு மருந்தை விட்டால் அது மறுபடி எழுந்திருக்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் பழையதைவிட மோசமாக இருக்கும், ஆகவே பலர் விடுவதே இல்லை.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை. டிஹெச்இஏ, வளர்ச்சி ஹார்மோன் என்று இணையத்தில் விற்பதில் காசை விட வேண்டாம். தைராய்டு எண்ணான டிஎஸ்ஹெச் வயதாக ஆகக் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் லேசாக ஏறிய அளவுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் சோர்வில் ஒரு மாற்றமும் இல்லை என்று 2017இல் வந்தது.

அண்ணன் ஊசியைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டது என் விளக்கத்தால் இல்லை, இதய டாக்டர் "இப்போது வேண்டாம்" என்றதால். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு நாள் எடுத்ததில் 12.6, 13.1. அதைப் பார்த்ததும் முகத்தில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். ஐந்தரை மணிக்கு மலையடிவாரத்தில் நடக்கப் போகிறார், ராத்திரி பரோட்டா ஒன்றோடு சரி. எட்டு மாதத்தில் 94 கிலோ 87 ஆகியிருக்கிறது.

நாத்தனார் மேமோகிராம் எடுத்துவிட்டு ஜெல்லும் கேப்சூலும் வாங்கி வந்து மூன்று வாரம் அலமாரியில் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் போன்: "அண்ணி, எந்தக் கையில பூசணும்?" எந்தக் கையானாலும் சரி என்றேன். ஒரு மாதத்தில் இரவு எழுவது ஒன்றாகக் குறைந்து, பிறகு நின்றுவிட்டது.

போன வாரம் வந்தவள் கண்ணுக்குக் கீழே மறுபடி கறுத்திருந்தது. திரும்பவும் கொதிப்பா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. முன்னாடி நான் முழிச்சுக்கிட்டு இருந்ததால தெரியல. இப்ப நல்லாத் தூங்குறேன், இவரு குறட்டைதான் எழுப்புது."

அண்ணனுக்கு வரும் 14ஆம் தேதி தூக்கப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.